வன்னிப் புழுதிக்கு எந்தச் சின்னக் கமரா?

பழைய டிஜிட்டல் கமராவைத் தேடுகிறவர்களுக்கு இரண்டு பெயர் சொல்வேன்: 2002இல் வந்த மினோல்டா டிமாஜ் எக்ஸ், 2003இல் வந்த பென்டாக்ஸ் ஒப்டியோ எஸ். இரண்டும் 20 மில்லிமீற்றர் தடிப்புத்தான், சேர்ட் பொக்கற்றுக்குள் அடங்கும். இரண்டிலும் மூன்று மடங்கு ஒப்டிகல் ஸூம். நான் வாங்கியது மினோல்டா.

படத் தரத்தில் ஒப்டியோ எஸ் மேல். அதற்கு 3.2 மெகாபிக்சல், மினோல்டாவுக்கு 2 தான். பூவையோ பூச்சியையோ கிட்டப் பிடித்து எடுக்கவும் ஒப்டியோ நல்லது. மினோல்டா 25 சென்ரிமீற்றருக்குள் ஃபோகஸ் ஆகாது. ஒப்டியோவை இரவல் வாங்கிக் கொஞ்சம்தான் பாவித்திருக்கிறேன், பகல் வெளிச்சத்தில் படம் துல்லியமாக வந்தது.

ஆனால் நாங்கள் இருக்கிற இடத்தைப் பார்க்கவேண்டும். ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் கிரவல் றோட்டு. சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டால் புழுதி மூக்குக்குள்ளேயே போகும், கமராவை விடுமா? முல்லைத்தீவுக் கடற்கரையில் மணலோடு உப்புக்காற்றும் சேரும். ஒப்டியோவில் ஓன் பண்ணினதும் லென்ஸ் குழல் வெளியே நீளும், மூடும்போது நடுவிலுள்ள ஒரு கண்ணாடித் தொகுதி விலகி மேலே போய் இடம் விடும். அவ்வளவு மெல்லிய உடம்புக்குள் ஸூமை அடக்கிய நுட்பம் அது. வெளியே நீளும் குழல் எதுவானாலும், உள்ளே இழுபடும்போது ஒட்டின தூசையும் கொண்டுபோகும். ஒரு மணற் துகள் சிக்கினாலே மோட்டார் திணறும்.

டிமாஜ் எக்ஸில் எதுவும் வெளியே வராது. முன்பக்க மூலையில் உள்ள சின்னக் கண்ணாடிக்குள் நுழையும் ஒளியை ஒரு பிரிசம் செங்கோணமாகக் கீழே திருப்பிவிடும். ஸூம் லென்ஸ்கள் உடம்புக்குள்ளேயே மேலும் கீழும் நகரும். வெளியே அசைவது லென்ஸ் மூடி மட்டும்தான். மெல்லிய துணியால் ஒருக்கால் துடைத்துவிட்டால் சரி. லென்ஸ் நீளும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, மோட்டார் சைக்கிளை நிறுத்தின கையோடு படம் எடுக்கலாம். மினோல்டா, கொனிக்காவோடு சேர்ந்து 2006இல் கமராத் தொழிலையே விட்டுவிட்டது. இருபது வருடம் தாண்டின ஒப்டியோவுக்கு மட்டும் கிளிநொச்சியில் உதிரிப்பாகம் கிடைக்கப்போகிறதா? பழுதானால் திருத்த வழியில்லாத பொருளில், பழுதாக வழி குறைந்ததைத்தான் நான் எடுப்பேன். ஆறுக்கு நாலு அங்குலப் படம் கழுவ 2 மெகாபிக்சல் தாராளம்.

எதை வாங்கினாலும் நல்ல வெயில் நேரத்தில் படம் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். படத்தைப் பதியும் அந்தக் காலத்துச் சில சிசிடி சென்சர்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பழுதாகும் என்று 2005இல் பல கம்பனிகள் அறிவித்தன. படத்தில் கோடு விழுந்தாலோ நிறம் குழம்பினாலோ தொடவேண்டாம். கார்டும் பழைய வகை எஸ்டியாக இருக்கவேண்டும். 2006இல் வந்த, கொள்ளளவு கூடின எஸ்டிஎச்சி கார்ட்களை இந்தக் கமராக்கள் வாசிக்காது. கொள்ளளவு குறைந்த பழைய கார்ட் ஒன்றைக் கமராவோடேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.