"பம்ப் போய்விட்டது" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பஞ்சுக் கிடங்கு. இருப்பது ஒரே ஒரு ஃபோர்க்லிஃப்ட், இரண்டு டன் டீசல் வண்டி. ஒரு பேல், அதாவது அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி, 170 கிலோ. நான்கு பேல் தூக்குவதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. போன மார்கழியில் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. லீவரை இழுத்தால், ஆயிலை அழுத்தி அனுப்பி ஃபோர்க் என்ற இரும்புக் கரங்களைத் தூக்கும் பம்ப் கீச்சென்று கத்தும். ஃபோர்க் இடுப்பளவு ஏறித் திணறும். ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டமான மாஸ்டைச் சாய்ப்பதிலும் அதே மந்தம்.

காலையில்தான் மோசம், ஆயில் சூடேறிய பிறகு பரவாயில்லை என்று ஆபரேட்டர் கவனித்திருந்தார். வந்த மெக்கானிக்கிடம் இதை இரண்டு முறை சொன்னோம். அவர் ஆயில் டேங்க் பக்கமே போகவில்லை. சத்தத்தைக் கேட்டார், "பம்ப் போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்றார். கழற்றிக்கொண்டு போனவர் நான்காம் நாள் பளபளக்கும் கறுப்புப் பம்புடன் வந்தார். ஆயில் மாற்றியதும் சேர்த்து 46,500 ரூபாய். ரசீது என்று ஒரு துண்டுச்சீட்டு. பழைய பம்ப் எங்கே என்றால், "எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன், சார்." நானும் தலையாட்டினேன்.

ஐந்து வாரம் ஓடியது. பிறகு அதே கீச்சு, அதே திணறல். அவர் போனை எடுக்கவே இல்லை.

விருதுநகரிலிருந்து வயதான ஹைட்ராலிக் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முதலில் கேட்டதே, "எப்போது மோசம், காலையிலா, மத்தியானமா?" என்றுதான். "தேய்ந்த பம்ப் என்றால் ஆயில் சூடாகி இளகிய பிறகுதான் வலு குறையும். இங்கே தலைகீழாக இருக்கிறது. குளிரில் கெட்டியான ஆயிலைப் பம்பால் உறிஞ்ச முடியவில்லை. லிஃப்ட் மட்டும் மந்தம் என்றால் சிலிண்டரைப் பார்க்கலாம், சாய்ப்பதும் மந்தம் என்றால் டேங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்."

ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, டேங்கைத் திறந்தார். உறிஞ்சு குழாயின் வடிகட்டியை வெளியே எடுத்தால் கம்பி வலையே தெரியவில்லை. எண்ணெயில் ஊறிய விளக்குத்திரிக் கட்டுபோல அதைச் சுற்றிலும் பஞ்சு. டேங்க் மூடி எப்போதோ தொலைந்துபோக, அந்த வாயில் பனியன் வேஸ்ட்டைத் திணித்து வைத்திருந்தோம். அது எங்கள் தவறுதான், மறைப்பதற்கில்லை. முன்பு ஆயிலை வடித்தபோது பஞ்சு கொஞ்சம் உதிர்ந்து வழி விட்டிருக்கிறது. ஐந்து வாரம் ஓடியது அதனால்தான்.

வடிகட்டி, மூடி, ஆயில், கூலி எல்லாம் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்தது. கிளம்பும்போது பெரியவர் டீசல் நனைத்த துணியால் பம்பை அழுத்தித் துடைத்தார். கறுப்புப் பெயின்ட் கழன்று வந்தது. அடியில், எங்கள் ஆபரேட்டர் முன்பொருமுறை போல்ட்டைக் கழற்றும்போது உளி பட்ட தழும்பு அப்படியே இருந்தது.

இப்போதெல்லாம் எதையும் கழற்ற விடுவதற்கு முன் அதன் சீரியல் நம்பரைப் படம் எடுத்துக்கொள்கிறோம். பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுப்பதில்லை. அந்த ஆள் இந்தப் பக்கத்து மில்களுக்கு இன்னமும் வந்து போகிறார். பெயின்ட் வாசம் மாறாத "புதுப் பம்ப்" உங்கள் வண்டியிலும் இருந்தால், டீசல் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.