ஊட்டியின் கிரேப்ஸ்-3, விண்ணில் ஆஸ்ட்ரோசாட்: பராமரிப்புக்கும் ஆட்களுக்கும் பணம் எங்கே முதலில்?

விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர், காமா கதிர், காஸ்மிக் கதிர்களை ஆராயும் உயர் ஆற்றல் வானியற்பியலுக்கு இந்திய அரசின் பணம் முக்கியமாக இரண்டு வாய்க்கால்களில் போகிறது. அணுசக்தித் துறை வழியாகத் தரையில் நிற்கும் கருவிகளுக்கு (ஊட்டியில் காஸ்மிக் கதிர்களுக்கான கிரேப்ஸ்-3, லடாக்கின் ஹான்லேயில் காமா கதிர்களுக்கான மேஸ் தொலைநோக்கி). இஸ்ரோ வழியாகச் செயற்கைக்கோள்களுக்கு (2015இல் ஆஸ்ட்ரோசாட், 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட்). எக்ஸ் கதிர் வளிமண்டலத்தைத் தாண்டிக் கீழே வராது என்பதால் அதைப் பார்க்க மேலே போயே ஆக வேண்டும். அதில் சண்டை இல்லை. பராமரிப்புக்கும் ஆட்களுக்கும் கூடுதலாகக் கொஞ்சம் பணம் கிடைத்தால் முதலில் யாருக்கு என்பதுதான் கேள்வி. என் ஓட்டு ஊட்டிக்கு.

இரண்டு இடத்திலும் ஒரே வகைக் கருவி இருப்பதால் ஒப்பிடுவது எளிது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆஸ்ட்ரோசாட்டுக்குச் செய்துகொடுத்த லாக்ஸ்பிசி என்ற எக்ஸ் கதிர்க் கருவி, செனான் வாயு நிரப்பிய மூன்று புரொபோர்ஷனல் கவுண்டர்கள் (கதிர் பட்டதும் உள்ளிருக்கும் வாயுவில் எழும் சிறு மின் சமிக்ஞையைப் பெருக்கி அளப்பவை). அதே நிறுவனம் ஊட்டியில் நடத்தும் கிரேப்ஸ்-3இன் மியூவான் (காஸ்மிக் கதிர் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் துகள்) தொலைநோக்கியில் இருப்பவையும் புரொபோர்ஷனல் கவுண்டர்கள்தான். 6 மீட்டர் நீள, 10 செ.மீ. சதுர இரும்புக் குழாய், நடுவே 100 மைக்ரான் டங்ஸ்டன் கம்பி, உள்ளே 90 சதவீத ஆர்கானும் 10 சதவீத மீத்தேனும் கலந்த வாயு. இப்படி 3,712 குழாய்கள், 560 சதுர மீட்டர் பரப்பில், கான்கிரீட்டுக்கு அடியில்.

இந்த வகைக் கருவிக்கு எமன் வாயுக் கசிவு. உள்ளே அடர்த்தி குறையக் குறையச் சமிக்ஞைப் பெருக்கம் ஏறும். உயர் மின்னழுத்தத்தைக் குறைத்துச் சில காலம் சமாளிக்கலாம். ஆனால் கதிரைப் பிடிக்க வாயுவே போதாமல் போனால் மின்னழுத்தம் என்ன செய்யும்? லாக்ஸ்பிசியின் ஒரு கவுண்டருக்கு நேர்ந்தது அதுதான். 2018 மார்ச்சில் அதை அணைத்துவிட்டார்கள். அதே மாதத்தில் இன்னொன்றின் பெருக்கம் நிலைகுலைந்தது. நம்பிப் பயன்படுத்த ஒன்றுதான் மிஞ்சியது. இது யாருடைய கவனக்குறைவும் அல்ல. 650 கி.மீ. உயரத்துக்கு வாயு உருளையோடு யாரும் போக முடியாது, அவ்வளவுதான். எக்ஸ்போசாட்டின் போலிக்ஸ் கருவியிலும் செனான் கவுண்டர்கள்தான், அதே ஆபத்தோடு.

ஊட்டியில் கசியும் குழாயைக் கண்டுபிடிக்கலாம், காற்றை உறிஞ்சி வெளியேற்றலாம், மறுபடி நிரப்பலாம். சுற்றிலும் 25,000 சதுர மீட்டரில் 8 மீட்டர் இடைவெளியில் நிற்கும் சுமார் 400 சிண்டிலேட்டர்களையும் (துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் கண்டறிவிகள்) இப்படிக் கைவைத்துச் சரிசெய்யலாம். அந்தப் பிளாஸ்டிக்கை அங்கேயே வார்க்கிறார்கள். ஈரமும் வெப்பமாற்றமும், அந்த ஒளியை மின் சமிக்ஞையாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாயின் அளவீட்டை நகர்த்தும். தனி மியூவான்களை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். ஆகவே இங்கே போடும் பணம் பல பத்தாண்டுகளுக்குப் பலன் தரும். 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகத்தில் 1.3 ஜிகாவோல்ட் மின்னழுத்தம் இருந்ததை இந்த மியூவான் தொலைநோக்கிதான் காட்டியது. என்றைக்கோ வரும் மேகத்துக்காக எல்லா நாளும் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது சாத்தியம்.

பிரச்சினை ஆட்களிடம் இருக்கிறது. குழாயின் கசிவை மோப்பம் பிடிக்கும் கை பல வருடத்தில் பழகியது. அந்த டெக்னீஷியன் ஓய்வுபெற்ற பிறகு இடத்தை நிரப்பினால் கற்றுக்கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே அடுத்தவரைச் சேர்க்க அனுமதி வேண்டும். ஒரு பதவிக்கு இரண்டு சம்பளமா என்று கணக்குப் பிரிவு கேட்கத்தான் செய்யும். திட்டப் பணியாளரை வைத்து ஒப்பேற்றுவது மோசமான சிக்கனம்: கை பழகும்போது ஒப்பந்தம் முடிந்திருக்கும். உதிரிபாகத்தில், 400 கண்டறிவிகளுக்கு 5 சதவீதம் என்று வைத்தாலும் 20 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அலமாரியில் இருக்க வேண்டும். அறிவியல் நிறுவனங்கள் விலைப்புள்ளி கேட்காமல் வாங்கும் வரம்பு 2025 ஜூனில் ₹2 லட்சமானது சின்னச் சாமான்களுக்கு உதவும், மொத்தக் கொள்முதலுக்கு உதவாது.

செயற்கைக்கோள் தெளிவாக ஜெயிக்கும் இடமும் உண்டு. ஆஸ்ட்ரோசாட்டின் தரவு பெங்களூருவை அடுத்த பயலாலு மையத்தின் காப்பகத்திலிருந்து எல்லோருக்கும் கிடைக்கிறது. ஒரு கணினியும் நல்ல வழிகாட்டியும் இருந்தால் சிறிய கல்லூரி மாணவரும் ஆய்வில் இறங்கலாம். மாதம் ₹37,000 இளநிலை ஆய்வு உதவித்தொகையை எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் அத்தனை பேருக்கும் அங்கே வேலை இருக்கிறது. ஊட்டியின் வார்ப்புக் கூடத்தில் அத்தனை பேருக்கு இடமில்லை. பட்டம் பெறுவோர் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் என் கட்சி தோற்கும்.

செயற்கைக்கோள் பக்கத்தில் பணியாற்றுவோர், ஏவிய பிறகும் அளவீட்டுக் குழு கலையாமல் இருக்கவே தங்களுக்கு முதலில் பணம் வேண்டும் என்று வாதிடலாம். நியாயம்தான். மிஞ்சிய ஒரு கவுண்டரின் குணம் மாறுவதை வருடாவருடம் கணக்கில் எடுக்க ஆள் இல்லாவிட்டால் காப்பகத்தில் இருக்கும் தரவின் மதிப்பும் குறையும். அதற்கு மூன்று நான்கு நிரந்தரப் பதவிகள் போதும் என்பது என் மதிப்பீடு. ஊட்டியின் பட்டியல் நீளம். அதனால்தான் அதை முதலில் எடுக்கச் சொல்கிறேன்.