டார்வின் ராணுவ அருங்காட்சியகம்: ஒரு பீரங்கிக்காகவே போகலாம்

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் டார்வினுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலைகளையும் ககாடு பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஈஸ்ட் பாயின்டில் கடலோரமாக இருக்கும் இந்த அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். நாங்கள் முதலில் ஒரு சுற்றுலா வேனில் போனோம். அவர்கள் கொடுத்த நாற்பது நிமிடம் எதற்கும் போதவில்லை என்பதால் மறுநாள் காலையில் நாங்களாகவே மீண்டும் போனோம்.

கப்பல்களை எதிர்க்கக் கட்டிய 9.2 அங்குலப் பீரங்கி மேடைதான் பலரையும் முதலில் இழுக்கிறது. என்னை நிறுத்தி வைத்தது 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கி. குழலைத் திருப்பும் கைச்சக்கரங்களின் அருகில் நின்று பார்த்தால்தான் அதன் வேலை புரிகிறது: அவற்றைச் சுழற்றுகிறவர்கள் விமானத்தைப் பார்த்துக் குறிவைப்பதில்லை, கணிப்புக் கருவி அனுப்பும் அளவுக்கேற்ப டயலில் முள்ளோடு முள்ளைப் பொருத்துகிறார்கள். சுமார் பன்னிரண்டரை கிலோ எடையுள்ள குண்டு, விமானம் சில வினாடிகள் கழித்து எங்கே இருக்குமோ அங்கே போய் வெடிக்க வேண்டும். அதற்காகக் குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸில் நேரத்தை முன்கூட்டியே வைக்கிறார்கள். உயரக் கணக்கு, கணிப்பு, ஃபியூஸ், ஆட்களின் பழக்கம் ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் மற்றவை வீண்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் டார்வினைத் தாக்கிய 1942 பிப்ரவரி 19 அன்று அப்படித்தான் பிசகியது. நகரத்தில் 3.7 அங்குலப் பீரங்கிகள் பதினாறும் 3 அங்குலப் பீரங்கிகள் இரண்டும் இருந்தன. குண்டுத் தட்டுப்பாட்டால் பீரங்கி வீரர்களுக்குப் பயிற்சி குறைவு. இயங்கும் ரேடார் இல்லை. பாதர்ஸ்ட் தீவின் பாதிரியார் ஜான் மெக்ராத், பெரும் விமானக் கூட்டம் வருவதாக வானொலியில் எச்சரித்தும், வருபவை அமெரிக்க விமானங்களாக இருக்கலாம் என்று நினைத்து, டார்வினில் இருந்தவர்கள் கையிலிருந்த இருபது நிமிடத்தை இழந்தார்கள். முதல் அலையில் 188 விமானங்கள் வந்தன. இரண்டாம் அலையாக நண்பகலை ஒட்டி வந்த 54 குண்டுவீச்சு விமானங்கள் 18,000 அடி உயரத்தில் இரு பிரிவாகி, எதிரெதிர்த் திசைகளிலிருந்து விமானப்படைத் தளத்தின் மேல் ஒரே நேரத்தில் குண்டு பொழிந்தன. ஃபியூஸ்கள் பழுதாக இருந்ததால் பீரங்கிகள் அவற்றில் ஒன்றைக்கூடச் சேதப்படுத்தவில்லை. அன்று மட்டும் குறைந்தது 235 பேர் இறந்தார்கள். இந்த எண்களைத் தெரிந்துகொண்டு அந்தப் பீரங்கியின் முன் நிற்கும்போது, அதை இயக்கிய இளைஞர்களின் மீது எனக்கு இரக்கமும் மரியாதையும் சேர்ந்தே வந்தன.

முதல் அலைக்குத் தலைமை தாங்கிப் பறந்தவர் ஜப்பானிய விமானி மிட்சுவோ ஃபுசிடா. அவர் சரியாக ஏழு வாரத்தில், ஏப்ரல் 9 அன்று, திருகோணமலைத் தாக்குதலுக்கும் தலைமை தாங்கினார். அன்று சீனன்குடா விமானத்தளம் அடிபட்டது. இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இந்த இடம் அந்நியமாக இருக்காது.

2012இல் திறந்த ‘டிஃபென்ஸ் ஆஃப் டார்வின்’ அரங்கின் குண்டுவீச்சுக் காட்சிப்படத்தை முதலில் பார்த்துவிட்டு வெளியே பீரங்கிகளிடம் வருவதே நல்ல வரிசை. சிறு குழந்தைகள் அந்தச் சத்தத்துக்குப் பயப்படலாம். மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களில், காலையிலேயே போங்கள். காட்சிப் பொருள்களில் பல திறந்தவெளியில் இருக்கின்றன. ஊர் திரும்பும்போது விமானத்தில் ஜன்னலோர இருக்கை கேளுங்கள். டார்வினின் பயணிகள் விமான நிலையம் இன்றும் விமானப்படைத் தளத்தோடு ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கிறது.