பைத்தானியா, காஞ்சிப் பட்டா?

மும்பை மாட்டுங்காவில் கல்யாணப் பட்டு எடுக்கப் போகும் தமிழ்க் குடும்பங்களில் இப்போது மகாராஷ்டிரத்துப் பட்டான பைத்தானிப் பேச்சும் வருகிறது. இரண்டுமே கைத்தறி அற்புதங்கள்.

பைத்தானி முந்தியைத் திருப்பிப் பாருங்கள். மயிலும் தாமரையும் பின்பக்கமும் அப்படியே இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நூல்கண்டு வைத்து, அந்தந்த இடத்தில் விரலால் கோத்துக் கோத்து நெய்வதால் வரும் சுத்தம் அது. வேலைப்பாடு கூடினால் மாதக்கணக்கில் ஆகும்.

காஞ்சியின் வித்தை கரையில். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா (ஊடுநூலை ஓட்டும் கட்டை) ஓடும், கூட ஒரு ஆளும் வேண்டும். உடலும் கரையும் சேருமிடத்தில் பல் பல்லாகத் தெரியும், அப்படியொரு உறுதி! முகூர்த்தத்துக்கு என் ஓட்டு காஞ்சிக்கே. முந்தியின் அழகுக்காக என்றால் யோசிக்காமல் பைத்தானி எடுங்கள். ஆனால் பின்பக்கம் நூல் தொங்கினால் அது பெரும்பாலும் விசைத்தறிச் சரக்கு. கைத்தறி விலை கொடுக்காதீர்கள்.