அஞ்சு டெஸ்ட், அஞ்சு ரோடு மாடி லேப்

தை மாதம் லீவில் சேலம் அம்மாபேட்டைக்கு வந்தபோது இடது முழங்கைக்குக் கீழே இரண்டு புண், வலது கணுக்காலில் ஒன்று. ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருக்கும். வலி இல்லை, அரிப்பு இல்லை. நடுவில் பக்கு, சுற்றிலும் வயல் வரப்பு மாதிரி தடித்த ஓரம். சவுதியில் அல் அஹ்சா பக்கம் ஏழு வருடமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். பேரீச்சந்தோட்டத்தை ஒட்டி எங்கள் ரூம். அங்கே இந்தப் புண் புதிதில்லை, மணல் ஈ கடித்து லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியால் வருவது. சேலத்தில் அதை உறுதி செய்துகொள்ள எனக்கு அஞ்சு டெஸ்ட் ஆனது. எது உருப்படி, எது தண்டம் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் போனது ஏசி போட்டு டோக்கன் கொடுக்கும் பெரிய லேப். ஆன்டிபயாடிக் இரண்டு ரவுண்டு முடித்தும் ஆறவில்லையே என்று டாக்டர் அனுப்பியிருந்தார். பஞ்சுக் குச்சியால் பக்குக்கு மேலேயே ஒரு தடவு. மூன்று நாளில் 'கிருமி வளரவில்லை' என்று ரிப்போர்ட். சாதாரண பாக்டீரியாவுக்கான தட்டில் இந்த ஒட்டுண்ணி எப்படி வளரும்? வளராது. அடுத்து, நான் கல்ஃப் என்று சொன்னதும் ரத்தத்தில் ஆர்கே 39 என்று ஒரு ஸ்ட்ரிப் டெஸ்ட் எழுதினார்கள். அதுவும் நெகட்டிவ். அந்த ஸ்ட்ரிப் பீகார் பக்கம் வரும் காலா அசாருக்கானது. அதுவும் லீஷ்மேனியாதான், ஆனால் கல்லீரல், மண்ணீரலைப் பிடிக்கும் நோய், ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏராளமாக இருக்கும். தோலோடு நிற்கும் வகையில் அது அவ்வளவாக இருக்காது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைக் கொல்லையில் தேடிவிட்டு ஆள் இல்லை என்று சொன்ன மாதிரி. இரண்டும் சேர்த்து ஆயிரத்து எழுநூறு ரூபாய்.

இதற்குள் வீட்டில் என் துண்டு தனிக் கொடிக்குப் போய்விட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. குஷ்டமோ என்று பயம்.

அப்புறம்தான் ஒரு ஸ்கின் டாக்டர் அஞ்சு ரோடு பக்கம் இந்த மாடி லேபுக்கு அனுப்பினார். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக்ராஸ்கோப். அறுபதைத் தாண்டிய டெக்னீஷியன் ஒருவர்தான் எல்லாமே. தொழுநோய் பிரிவில் பல வருடம் காது மடலில் கீறி ஸ்மியர் எடுத்தவராம். அந்தப் பழக்கம் கையில் தெரிந்தது. உப்புத் தண்ணீரில் பக்கை ஊறவைத்துப் பதமாக எடுத்தார். நடுப்பகுதியைத் தொடவே இல்லை. "நடுவுல எடுத்தா சீழும் செத்த சதையும்தான் வரும் தம்பி, பூச்சி வரப்புலதான் குடியிருக்கும்" என்றார். ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ரத்தம் வற்றி வெளுக்கும் வரை கிள்ளிப் பிடித்து, பிளேடால் சின்னதாக ஒரு கீறல். பிளேடைத் திருப்பி அதே கீறலுக்குள் சுரண்டினார். வந்தது ரத்தம் இல்லை, கலங்கிய நீர் மாதிரி கொஞ்சம். ரத்தம் கலந்தால் ஸ்லைடு வீண் என்று முதல் ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார். மூன்று புண்ணிலும் தனித்தனியாக.

மறுநாள் மதியம் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஜீம்சா சாயம் ஏற்றிய ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, "நீங்களே பாருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார். வெளிர் நீலத்தில் ஒரு பெரிய செல், அதன் வயிற்றுக்குள் முட்டை வடிவில் பொடிப்பொடியாக ஏழெட்டு. ஒவ்வொன்றிலும் ஊதாப் புள்ளி ஒன்று, பக்கத்திலேயே குட்டிக் கோடு ஒன்று. "புள்ளியும் கோடும் சேர்ந்து தெரிஞ்சாத்தான் பாசிட்டிவ்னு எழுதுவேன். புள்ளி மட்டும்னா வேற எதுவா வேணாலும் இருக்கலாம்." மனைவியிடம், "துண்டுல எல்லாம் ஒட்டாதும்மா" என்றார். நான் துண்டைப் பற்றி அவரிடம் மூச்சே விடவில்லை.

ரிப்போர்ட்டில் 'எல்.டி. பாடீஸ்' என்று இருந்தது. எல் என்றால் லீஷ்மன், டி என்றால் டோனவன், இந்த ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்த இருவர். அந்த டோனவன் 1903-ல் நம் மெட்ராஸ் ஜிஎச்-சில் இருந்தவர் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். மொத்தம் 350 ரூபாய்.

கையில் இருந்த இரண்டு புண்ணிலும் பாசிட்டிவ், கணுக்காலில் ஒன்றுமில்லை. அதில் சீழ் வைத்திருந்தது, அப்படியிருந்தால் கிடைப்பது கஷ்டமாம். ஒரே ஒரு புண்ணில் எடுத்து நிறுத்தியிருந்தால் அதுவும் நெகட்டிவாகப் போயிருக்கலாம். ஆறேழு மாதம் ஆன புண் என்றாலும் பூச்சி குறைந்துவிடும், ஸ்மியரை மட்டும் நம்ப முடியாது. ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆருக்கு அங்கேதான் வேலை.

எனக்கும் டாக்டர் பயாப்ஸியும் பிசிஆரும் எழுதினார். எந்த வகை என்று தெரிந்தால் மருந்து முடிவு செய்யச் சுலபம் என்றார். எடுத்த சதையை இரண்டாக நறுக்கி, ஒரு பாதி ஃபார்மலினில், மறு பாதி சலைனில். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும், அதனால் பிசிஆருக்கான துண்டு தனியாகப் போகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'கிரானுலோமா' (அழற்சி செல்கள் திரண்ட முடிச்சு) என்று மட்டும் வந்தது. டிபிக்கும் தொழுநோய்க்கும்கூட அதே வார்த்தை வரும் என்பதால் வீட்டில் மறுபடி ஒரு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிசிஆர் சென்னை போய்ப் பத்து நாளில் வந்தது, லீஷ்மேனியா மேஜர் என்று. ஸ்மியரைப் போலப் பத்து மடங்குக்கு மேல் காசு. இந்த வகை பெரும்பாலும் தானாகவே ஆறும், தழும்பு மட்டும் நிற்கும். அதனால் ஊசி மருந்து வேண்டாம் என்று திரவ நைட்ரஜன் வைத்துப் புண்ணை உறையவைத்தார் டாக்டர். அந்த வகையில் காசுக்கு நஷ்டமில்லை.

ஒட்டுண்ணியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்வீர்களா என்றும் மாடி லேப் பெரியவரிடம் கேட்டேன். பெரியவர் சிரித்தார். முயல் ரத்தம் கலந்த மீடியம் வேண்டும், சுமார் 25 டிகிரியில் வைத்து வாரக்கணக்கில் பார்க்க வேண்டும், நடுவில் ஒரு பாக்டீரியா விழுந்தால் போச்சு. "இந்த ஊரு வெயிலுக்கு அதை ஏற்காட்டுலதான் கொண்டு போய் வெக்கணும்."

குறையும் சொல்லியாக வேண்டும். படிக்கட்டு செங்குத்து, கணுக்கால் புண்ணோடு ஏறுவது சோதனை. ரிப்போர்ட் கையெழுத்தில்தான். கம்பெனிக்கு அனுப்ப டைப் அடித்துக் கேட்டதற்கு இரண்டு நாள் அலைந்தேன், அதிலும் என் இன்ஷியல் தப்பு. அவர் லீவு என்றால் லேபும் லீவு. ஐந்துக்கு நாலு ஸ்டார்.

போகிறவர்கள் புண்ணில் ஆயின்மென்ட் எதுவும் பூசாமல் போங்கள். பத்து மணிக்கு மேல் சுகர் டெஸ்ட் கூட்டம் வந்துவிடும், ஏழரைக்குள் போனால் நிதானமாகச் சுரண்டுவார்.