மாடித் தோட்டத்துச் சொட்டுநீர்: சில கோடைகள் பார்த்த பிறகு

மொட்டை மாடித் தொட்டிகளுக்குச் சொட்டுநீர் போட்டுச் சில கோடைகள் ஓடிவிட்டன. வாங்கிய வாரத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் என்ன ஆகிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

சென்னையில் கடலுக்குப் பக்கத்து வீடு. போர் தண்ணீரில் உப்பு உண்டு. கைப்பிடிச் சுவரோரமாக 16 மி.மீ. கறுப்புக் குழாய், அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் மெல்லிய மைக்ரோ ட்யூப், நுனியில் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரிப்பர். கத்தரி, தக்காளி, வெண்டை, பந்தலில் பாகல்.

தண்ணீர் மிச்சமாகிறதா? நிச்சயமாக. ஹோஸ் பிடித்த காலத்தில் தொட்டி நிரம்பி வழிந்து, மாடி முழுக்க ஓடி, மழைநீர்க் குழாய் வழியாகக் கீழே போகும். இப்போது தரை நனைவதே இல்லை. தண்ணீர்ச் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மண்ணின் மேல் காய்ந்த இலையைப் பரப்பி வைத்தால் சித்திரை வெயிலிலும் ஈரம் நிற்கிறது.

கடைக்காரர் சொல்லாத விஷயம், அழுத்தம். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மாடியிலேயே நிற்கும் டேங்க்கிலிருந்து நமக்குக் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். வயலுக்கென்று செய்த விலை உயர்ந்த டிரிப்பர்கள் பெரும்பாலும் அரை பாருக்கு மேல் கேட்கும். இங்கே அவை சரியாகச் சொட்டாது. மலிவான திருகு டிரிப்பரே போதும். நேரத்துக்குத் தானாகத் திறந்து மூடும் டைமர் வாங்கினாலும் இதே கதை: சோலனாய்டு, அதாவது மின்காந்தத்தால் திறக்கும் வகை, குறைந்த அழுத்தத்தில் ஒழுங்காகத் திறக்காது. உள்ளே துளையிட்ட உருண்டை சுழன்று திறக்கும் பால் வால்வு (ball valve) வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்த தலைவலி உப்பு. டிரிப்பர் நுனியில் வெள்ளையாகப் பொறுக்குத் தட்டி, முதலில் ஒரு தொட்டி காயும், பிறகு வரிசையாக. கழற்றி இரவு முழுக்க வினிகரில் ஊறப்போட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். டேங்க் பக்கத்து ஃபில்டர் வலையையும் அடிக்கடி அலச வேண்டும்.

தொட்டிக்குள் நடப்பது இன்னும் மோசம். கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டுவதால் உப்பு அடியில் வடியாமல் மண்ணிலேயே தங்குகிறது. இலை ஓரம் கருகும். நாம் வெயில் என்று நினைத்துக்கொள்வோம். அதனால் அவ்வப்போது அடித்துளை வழியாக வடியும்வரை ஒருமுறை நிறைய ஊற்றுகிறேன். மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது, ஆனால் வேறு வழியில்லை. ஆர்.ஓ. கழிவு நீரையும் இதே காரணத்துக்காகச் செடிக்கு விடுவதில்லை. வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் போகிறது.

இதற்கு நல்ல மருந்து மழைத் தண்ணீர். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். 1000 சதுர அடி மாடியில் 100 மி.மீ. பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் பல வீடுகளில் இருக்கிறது. அதில் ஒரு டிரம்மை இணைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பிடித்த தண்ணீர் தொட்டி மண்ணின் உப்பைக் கழுவி வடிக்க ஆகும். டிரம்முக்கு மூடி முக்கியம், கொசு.

அணில் குழாயைக் கடிக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்த பிறகு குறைந்திருக்கிறது, அடியோடு நிற்கவில்லை. மைக்ரோ ட்யூப் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு தொட்டிதான் என்றால் இதெல்லாம் வேண்டாம், பூவாளியே போதும். அதற்கு மேல் என்றால், அல்லது ஊருக்குப் போகும்போது ஊற்ற ஆள் இல்லை என்றால், தாராளமாகப் போடலாம்.