எட்டேகால் மணிக்கு ஒரு தட்டு: மதுரைப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் எப்படி?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது நம்ம மதுரையில்தான். 2022 செப்டம்பர் 15, சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உதவி பெறும் பள்ளிகளில் கிராமத்துக்கு 2024-லும் நகரத்துக்கு 2025-லும் போனது. பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, “சாப்பாடு நல்லா இருக்குமா?” என்றுதான்.

ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் கணக்கு இது: ரவை, சேமியா, அரிசி, கோதுமை ரவை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், ஊரில் கிடைக்கிற காய்கறி. சமைத்தபின் 150 முதல் 200 கிராம் உணவும் 100 மில்லி சாம்பாரும் தட்டுக்கு வரவேண்டும். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு வயிறு நிறையும். அஞ்சாம் வகுப்புப் பையனுக்குக் கொஞ்சம் பற்றாது. மிச்சமிருந்தால் மறுபடி கேட்டு வாங்கச் சொல்லி அனுப்புங்கள்.

ருசியில் பொங்கலுக்கும் கிச்சடிக்கும் முதலிடம். பிரச்சினையெல்லாம் ரவை உப்புமாவில். கிராமத்துப் பள்ளிகளில் மகளிர் குழுப் பெண்கள் பள்ளியிலேயே சமைக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே பந்தியில் உட்கார்கிறார்கள் என்பதால் கைப்பக்குவமும் அக்கறையும் தட்டில் தெரியும். நகரத்தில் நெல்பேட்டை போன்ற பொதுச் சமையல் கூடத்தில் செய்து வண்டியில் வருகிறது. ரவை ஆற ஆறத் தண்ணீரை இழுத்து இறுகிவிடும். அடுப்பிலிருந்து இறக்கி அரை மணி நேரம் கழித்துப் பரிமாறினால் கரண்டியில் கட்டியாக விழும், சின்னப் பிள்ளைகள் பாதியிலேயே எழுந்துவிடுவார்கள். ரவையை நன்றாக வறுத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, சற்றுத் தளர இறக்கினால் பள்ளிக்கு வந்து சேரும்போது பதமாக இருக்கும். இரண்டு பங்கு தண்ணீரோடு நிறுத்தினால் இறுகத்தான் செய்யும்.

சாம்பாரைச் சோதிக்க ஒரு வழி உண்டு. 50 பிள்ளைகளுக்குப் பருப்பு 750 கிராம், சாம்பார் 5 லிட்டர். அந்த அளவில் கரண்டியை அசைத்து ஊற்றினால் பருப்பு கரைந்து மஞ்சளாக, கெட்டியாக விழும். அடியில் கொஞ்சம் பருப்பு, மேலே தெளிந்த தண்ணீர் என்று பிரிந்து நின்றால் பருப்பு குறைந்திருக்கும், இல்லையென்றால் தண்ணீர் கூடியிருக்கும்.

இந்தத் திட்டத்தின் அருமை புரிய, மதுரை வீடுகளின் விடியற்காலையைப் பார்க்க வேண்டும். மல்லிகை மொட்டு பறிக்கிற அம்மா வெயில் ஏறுமுன் தோட்டத்தில் இருக்க வேண்டும். பூ மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். கே.கே.நகரில் நாலு வீட்டில் வேலை பார்க்கிறவர் ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுவார். “பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது” என்கிற கவலை, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட நேரம் உள்ள வீட்டுக் கவலை. நேரம் இல்லாத வீட்டில் அம்மா பத்து ரூபாயைக் கையில் வைத்துவிட்டுப் போகிறார். அந்தப் பத்து ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் பன்னோ சிப்ஸ் பாக்கெட்டோதான் வரும். பெரிதாக எதையும் வாங்கித்தர முடியாத பெற்றோர், பிள்ளை கேட்டவுடன் “சரி” என்று சொல்லக்கூடிய ஒரே பொருளும் அந்தப் பாக்கெட்தான். அதைப் பொறுப்பில்லாத வளர்ப்பு என்று பேசுவது அநியாயம். சில வீடுகளில் மூத்த பெண்பிள்ளை அடுப்பைப் பற்றவைத்து, தம்பிக்கு ஊட்டி, தானும் ஓடிவருவாள். பள்ளியில் தட்டு நிச்சயம் என்றானதும் அவள் தலையிலிருந்து ஒரு வேலை இறங்குகிறது. இந்தத் திட்டத்துக்கு நான் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பதே இதற்காகத்தான்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்கும் காரணம் உண்டு. திட்டம் அஞ்சாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. நடுநிலைப் பள்ளிகளில் ஒரே வளாகத்தில் மூணாம் வகுப்புத் தம்பி சாப்பிட, ஆறாம் வகுப்பு அக்கா மதியச் சத்துணவு வரைக்கும் காத்திருக்கிறாள். பசி வகுப்பு பார்த்து வருவதில்லை. எட்டாம் வகுப்பு வரை நீட்டியே ஆகவேண்டும். சனி, ஞாயிறும் கோடை விடுமுறையும் பழைய கதைதான். வட்டிக்கு வாங்கிச் சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்க்கிற ஆட்டோ ஓட்டுநர் வீட்டுக்கும் இது எட்டாது. அங்கே ஃபீஸும் பெற்றோர் தலையில், டிபன் பாக்ஸும் பெற்றோர் தலையில்.

பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு: எட்டேகாலுக்குள் பள்ளியில் இருக்கட்டும். எட்டே முக்காலுக்குப் போனால் மிஞ்சியது ஆறிப்போய்க் கிடக்கும். வேலைக்குப் போகும் அவசரத்தில் ஏழு மணிக்கே விட்டுவிட்டுப் போனால், கேட் திறந்து ஆசிரியரோ சமையல் அம்மாவோ உள்ளே இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உப்புமா இறுகி வருகிறது, சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்றால் வாசலில் நின்று புலம்ப வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அதில் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பரிமாறும் நேரத்தில் போய் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்.